நாற்பத்தெட்டில் இரண்டு கறுப்பு

தெய்வநாயகிக்குக் கோபம் வரும். இதை மறைத்துவிட்டுக் கதை சொல்வதில் பிரயோசனம் இல்லை. ஆரணியில் அவள் தெருவில் யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். முப்பது வருடமாகப் பட்டு நெய்கிறாள், அவள் கைச் சேலை ஒன்றுகூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை, அதை எவராவது சொல்வார்களா என்றால் மாட்டார்கள். வாயைத்தான் சொல்வார்கள். ஊர் அப்படி.

அந்த வாய் போன தை மாதம் அவளை நன்றாக மாட்டிவிட்டது. பெரணமல்லூரில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் சுபலட்சுமி, ஐந்து மாதம் முடிந்த வயிற்றோடு, புருஷன் சதீஷ் ஓட்டிய பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்து வாசலில் இறங்கினாள். வழியெல்லாம் குழாய் பதிக்கிறேன் என்று சாலையைத் தோண்டிப் போட்டிருந்த சமயம். தெய்வநாயகி கையில் இருந்த, நூல் ஓட்டுகிற நாடாவைக்கூடக் கீழே வைக்காமல் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தாள்.

"வயித்துப் புள்ளக்காரிய பைக்ல குந்த வெச்சி இட்டுகினு வந்துகிறியே, உனக்கு அறிவுன்றது இருக்குதா இல்லியா?"

மாப்பிள்ளையை நடுத்தெருவில், நாலு வீட்டுக்காரர்கள் பார்க்க, 'உனக்கு' என்றாள். சதீஷ் ஒரு வார்த்தை பேசவில்லை. உரக்கடையில் வேலை பார்க்கிற பையன், இயல்பிலேயே சாது. பேசியது சுபலட்சுமிதான். அவளும் வாயால் பேசவில்லை. ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் திரும்பி அதே பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். அதே தோண்டிப் போட்ட சாலையில் அதே வயிற்றோடு திரும்பிப் போனாள். தெய்வநாயகி கத்தியதால் கிடைத்த பலன் அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் மகளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, எனக்கு பி.பி. ஏறிகினு இருக்குதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க. நிம்மதியா இருக்கணுமாம். உன் வீட்டாண்ட ஏது நிம்மதி? பொறக்குற புள்ள காதுல மொதமொதல்ல உழுறது உன் கத்தலா இருக்கக் கூடாது."

"அதுக்கு இன்னா செய்யணும்ன்ற?"

"ஒரு மண்டலம். இன்னில இருந்து நாப்பத்தெட்டு நாளு யார் மேலயும் கத்தாம இரு. நாப்பத்தொம்பதாம் நாளு வளைகாப்பு. இருந்துட்டன்னா வளையல் போட்ட கையோட உன் கூட கெளம்பி வந்துடுறேன். இல்லன்னா இங்கியே பெத்துக்கறேன். அப்பா தெனம் சாயங்காலம் எனக்கு மெசேஜ் போடட்டும்."

கேட்டீர்களா? தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது கேட்டு வாங்குகிற சலுகையா? தெய்வநாயகிக்குத் தாய் கிடையாது, இவள் கல்யாணத்துக்கு முன்பே செத்துப்போய்விட்டாள். சுபலட்சுமியை அவள் பெற்றது மாமியார் வீட்டில். வலி எடுத்த ஒரு பகல் முழுக்க அவள் தலையைத் தடவ ஒரு கை இல்லை. 'கத்தாத, தெருவுக்குக் கேக்குது' என்று மட்டும் சொன்னார்கள். தன் மகளுக்கு அந்த நிலைமை வரக்கூடாது என்று, மகள் வயசுக்கு வந்த நாளிலிருந்தே மனதுக்குள் பிரசவத்துப் பத்து நாளுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தவள் அவள். உள்ளறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று, பழைய பருத்திப் புடவைகளைத் துவைத்துக் கிழித்து மடித்தாயிற்று. இப்போது மகள் அதற்குப் பரீட்சை வைக்கிறாள்.

வைத்தால் என்ன, எழுதுகிறேன் என்றாள் தெய்வநாயகி. சேலை நெய்கிறவளுக்கு நாற்பத்தெட்டு நாள் பெரிய காரியமில்லை. தறியில் பாவு நூலை ஏற்றினால் அதைவிட அதிக நாள் ஒரே இடத்தில் உட்காருகிறாள். தறிக்கம்பத்தில் ஒரு வெள்ளைக் கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டாள். ஒவ்வொரு சாயங்காலமும் அன்றைக்குக் குறுக்கே ஓட்டிய ஊடை நூலில் மிச்சமான துண்டு ஒன்றை அந்தக் கயிற்றில் முடிச்சுப் போடுவாள். அன்றைக்குத் தறியில் மாம்பழ மஞ்சள் ஓடினால் மஞ்சள் முடிச்சு, அரக்கு ஓடினால் அரக்கு முடிச்சு. நாளை அப்படி அளப்பதுதான் அவளுக்குக் கைவந்தது.

சாட்சியாக வாய்த்தவர் அவள் புருஷன் ஜெகநாதன். எதிர்த் தறியில் நெய்கிற மனிதர். அரிச்சந்திரனுக்குச் சொந்தக்காரர். கத்தாத நாளுக்கு எண், கத்திய நாளுக்குப் பெருக்கல் குறி என்று மகள் சொன்னதை அப்படியே மனதில் ஏற்றிக்கொண்டார். பெண்டாட்டிக்காக ஒரு குறியை இப்படி அப்படி மாற்றிப் போட்டால் கை தேய்ந்துவிடுமா? தேய்ந்துவிடும் என்று நினைக்கிற ஆள்.

இரண்டாம் நாளே தை அமாவாசை. அமாவாசைக்குத் தறி ஓடாது, ஊர் வழக்கம். வேலை இல்லாத கைக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று அன்றுதான் அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கழித்தாள், சாயங்காலம் பழைய துண்டு நூல் ஒன்றைத் தேடி முடிச்சும் போட்டாள். அதற்கப்புறம் ஒரு உபாயம் கண்டுபிடித்தாள். கோபம் வந்தால் ஒரு வாய்த் தண்ணீரை எடுத்து வாய்க்குள் வைத்துக்கொள்வது. பக்கத்து வீட்டுக்காரி தன் குப்பையை இவள் கோலத்தின் மேல் தள்ளிய காலையில், தெய்வநாயகி கன்னம் இரண்டும் உப்பிப்போய் வாசலில் நின்றாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவன் மூன்றாவது தடவை ஆள் இல்லை என்று எழுதிவிட்டுப் போனதாகத் தெரிந்த மதியம், ஒரு சொம்பு தண்ணீர் காலி. ஜெகநாதன் சாப்பாட்டில் உப்பு கம்மி என்றார். அதற்கும் ஒரு வாய்.

கயிறு வளர்ந்தது. பதினைந்து, இருபது, முப்பது. காலையில் தறிக்குழியில் இறங்கும்போது அதை ஒரு தடவை கையால் உருவிப் பார்க்காமல் அவள் நாடாவைத் தொடுவதில்லை. முப்பது முடிச்சு. இந்த வாயை வைத்துக்கொண்டு முப்பது நாள். பார்க்கிறவர்களுக்கு அது நூல் துண்டு, அவளுக்குத்தான் தெரியும் அது என்னவென்று.

முப்பத்தோராம் நாள் மாசி அமாவாசை. ஜெகநாதன் கோயிலுக்குப் போயிருந்தார். அவர்கள் நெய்து கொடுக்கும் பட்டுக்கடை முதலாளியின் ஆள் ஜெயச்சந்திரன், தறி ஓடாத நாள் என்று தெரிந்தும், வேலை எந்த அளவில் இருக்கிறது பார்க்கிறேன் என்று வந்தான். வந்தவன் கையில் மசால்வடைப் பொட்டலம். மென்றுகொண்டே தறிக்குப் பக்கத்தில் போனான்.

"இன்னாக்கா, முந்தி இன்னும் எறங்கல போல" என்றவன், சந்தன நிறப் பட்டின் மேல் மூன்று விரலை வைத்துத் தடவினான்.

மூன்று விரலும் எண்ணெய். மூன்றும் பட்டில் தெரிந்தது.

தண்ணீர்ச் சொம்பு அடுப்படியில் இருந்தது. அடுப்படிக்குப் போய்வர நேரம் இருந்ததா? இருந்திருந்தாலும் போயிருக்க மாட்டாள். "ஏண்டா வெளக்கெண்ண, அது இன்னா சேலையா, உன் ஊட்டு கைத்துணியா?" என்று ஆரம்பித்தது, முப்பது நாள் பாக்கியையும் சேர்த்துக்கொண்டு வெளியே வந்தது. தெருவே வந்து நின்றது. ஜெயச்சந்திரன் வடையைப் பாதியில் போட்டுவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடினான்.

ஜெகநாதன் விபூதி நெற்றியோடு வந்தார். தெருமுனையிலேயே அவருக்குச் செய்தி கிடைத்துவிட்டது. வந்ததும் வராததுமாகப் போனை எடுத்தார்.

"ஏங்க, அவன் எண்ணெக் கைய பட்டு மேல வெச்சான்ங்க."

"வெச்சான். தப்புதான்."

"அப்ப நான் கத்துனது?"

"கத்துனதுதான்."

"இன்னிக்கு அமாவாசங்க. தறி ஓடல. தறி ஓடாத நாளு எப்படி நாளாவும்? ஒரு முழம் நெய்ஞ்சமா, ஒரு தார் நூலு ஓட்டுனமா? இது கணக்குலயே வராது."

ஜெகநாதன் நிதானமாகக் கயிற்றைப் பார்த்தார். "போன அமாவாசைக்கு முடிச்சு போட்டியே தெய்வா. அன்னிக்கு மட்டும் நாளா?"

இந்த மனிதரை என்ன செய்வது? பெருக்கல் குறி போய்ச் சேர்ந்தது. கால் மணி நேரத்தில் சுபலட்சுமியின் குரல் மெசேஜாக வந்தது. ஜெகநாதன் போனைத் தறி மேல் வைத்துப் போட்டுக் காட்டினார். "போச்சா. எனக்குத் தெரியும். மறுபடியும் ஒண்ணுல இருந்து எண்ணுங்கப்பா."

ஒன்றிலிருந்து. தெய்வநாயகிக்கு அந்த வார்த்தைதான் நெஞ்சைச் சுட்டது. வளைகாப்புக்கு முன்னால் மிச்சம் இருப்பதோ பதினேழு நாள். ஒன்றிலிருந்து எண்ணினால் எந்தக் காலத்தில் நாற்பத்தெட்டு வரும், குழந்தை நடக்கிறபோதா? அதைவிடப் பெரிய அநியாயம் இருந்தது. அந்த முப்பது நாள் எங்கே போனது? ஒருத்தன் முப்பது நாள் சோறு போட்டு முப்பத்தோராம் நாள் போடவில்லை என்றால், முப்பது நாளும் பட்டினி கிடந்ததாக எழுதுவார்களா? அவள் விழுங்கிய வார்த்தைகள் அத்தனையும் விழுங்கியவைதானே? ஜெயச்சந்திரன் மூன்று விரல் வைத்ததால் அவையெல்லாம் திரும்பி வாய்க்கு வந்துவிட்டனவா?

கத்தரியை எடுத்தாள். கயிற்றை வெட்டி அடுப்பில் போட்டுவிட்டு, நன்றாக வயிறாரக் கத்திவிட்டு, பெற்றால் அங்கேயே பெத்துக்கோ என்று சொல்லிவிடலாம் என்றுதான் எடுத்தாள். கயிற்றைப் பிடித்தாள். கைக்குள் அந்த முடிச்சுகள் உருண்டன. கேஸ்காரன் மதியம் ஒன்று, கோலத்தின் மேல் குப்பை ஒன்று. வெட்ட மனசு வரவில்லை. பொய் சொல்லவும் மனசு வரவில்லை, அமாவாசைக் கதை தனக்கே ஒட்டவில்லை என்பது அவளுக்குத் தெரியும். கறுப்புப் பட்டு அந்த வீட்டில் கிடையாது. தையல் டப்பாவைத் திறந்து, ஜெகநாதன் பேண்டுக்குப் பொத்தான் தைக்கிற கறுப்பு நூலில் ஒரு துண்டு எடுத்து, முப்பதாவது முடிச்சுக்குக் கீழே கட்டினாள். இழுத்து இறுக்கினாள்.

மறுநாள் சாயங்காலம் ஜெகநாதன் போனும் கையுமாக நின்றார். "ஒண்ணு போடட்டா?"

"முப்பத்திரெண்டு போடுங்க."

"பொண்ணு ஒண்ணுன்னு சொல்லிகிறாளே."

"பொண்ணுக்கு எண்ணத் தெரியல. உங்களுக்கும் தெரியல."

அவர் ஒன்றுதான் போட்டார். அன்று முதல் அந்த வீட்டில் இரண்டு கணக்கு ஓடியது. போனில் ஒன்று, கயிற்றில் முப்பத்திரண்டு. போனில் எட்டு, கயிற்றில் முப்பத்தொன்பது. நாற்பதாம் நாள் குழாயைத் திறந்து போட்டுவிட்டுத் தொட்டித் தண்ணீரை எல்லாம் வீணாக்கினார் என்று ஜெகநாதனைப் பிடித்துக்கொண்டாள். பாதிக் கத்தலில்தான் திறந்து போட்டது தன் கைதான் என்று ஞாபகம் வந்தது. நிறுத்திக்கொண்டாள். இந்தத் தடவை வழக்காடவில்லை. அவர் போனை எடுப்பதற்குள் இவள் தையல் டப்பாவை எடுத்துவிட்டாள். போன் கணக்கு மறுநாள் மறுபடி ஒன்றுக்குப் போனது. அவள் குரல் பக்கத்து வீட்டுக்குக்கூடப் போகவில்லை என்று அவளே சொல்லிக்கொண்டாள், அது உண்மையும்கூட.

நாற்பத்தொன்பதாம் நாள் காலை, சீர்வரிசைத் தட்டுகளோடு வேன் வைத்துப் பெரணமல்லூர் போனார்கள். வளையல் பெட்டி, பழம், ஏழு வகைச் சாதம். தெய்வநாயகியின் கைப்பையில் சுருட்டி வைத்த கயிறு. நாற்பத்தெட்டு முடிச்சு, அதில் கறுப்பு இரண்டு. போனில் எட்டு.

சுபலட்சுமி மணையில் உட்கார்ந்திருந்தாள். முகம் கொஞ்சம் வீங்கியிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் சிரிக்க வந்ததை அடக்கிக்கொண்டாள். சந்தனம் பூசினார்கள், வளையல் அடுக்கினார்கள். எல்லாம் முடிந்து, பெண்ணை அழைத்துப்போகிற பேச்சை யாராவது எடுப்பார்கள் என்று தெய்வநாயகி காத்திருந்தாள். எடுத்தது சம்பந்தி அம்மணி. சதீஷின் அம்மா, வார்த்தையைச் சர்க்கரை போட்டுத்தான் கொடுப்பாள்.

"பொண்ண இங்கியே வெச்சிக்கறோம் சம்பந்தி. நீங்க தப்பா நெனச்சிக்காதீங்க. உங்க கணக்கு இன்னும் எட்டுலயே நின்னுகினு இருக்குதே."

கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "முந்தாநேத்து ஏழு" என்றாள். இன்னொருத்தி, "நடுவுல ரெண்டு வாட்டி பெயில்" என்றாள்.

தெய்வநாயகிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. தாய்க்கும் மகளுக்கும் நடுவில் இருந்த சங்கதி. அதை இந்த வீட்டில் தினமும் சாயங்காலம் நாடகம் பார்க்கிற மாதிரி உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். பெற்றவள் தன் வாயோடு மல்லுக்கட்டியது இவர்களுக்குத் தமாஷ். உள்ளங்காலிலிருந்து ஏறியது கோபம். தண்ணீர்ச் சொம்பு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. எழுந்து மகளிடம் போய், கயிற்றை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

"எண்ணிக்கோ" என்றாள். குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு இருந்தது. "நாப்பத்தெட்டு இருக்குது. கறுப்பு ரெண்டு. ஒண்ணுல நியாயம் என் பக்கம், இன்னொண்ணுல இல்ல. ரெண்டையும் நான் ஒளிக்கல. ஆனா அந்த ரெண்டுக்காவ மீதி நாப்பத்தாறையும் தூக்கிப் போட்டியே, அதான் எனக்கு ஆறல."

சுபலட்சுமி கயிற்றை விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள். வளையல்கள் குலுங்கின. கறுப்பு வந்த இடத்தில் நின்றாள், தாண்டினாள், மறுபடி நின்றாள். கடைசி முடிச்சுவரை போய்விட்டு நிமிர்ந்தாள்.

"நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப இதே மாரி கட்டியிருந்தா, கறுப்பு எத்தினி இருக்கும்மா?"

இதற்குத் தெய்வநாயகி தயாராக வரவில்லை. நியாயம் தன் பக்கம்தான் என்று நாற்பத்தெட்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட இதற்கு உதவவில்லை. தட்டு உடைந்ததற்கு, ரிப்போர்ட் கார்டுக்கு, ஜடை கோணலாக இருந்ததற்கு, காரணமே இல்லாததற்கு என்று கத்தியிருக்கிறாள்.

"பாதி இருக்கும்" என்றாள். பிறகு, "பாதிக்கு மேலயே இருக்கும்" என்றாள்.

பாதிக்கு மேல் இருந்தது நாற்பத்தெட்டுக்கு இரண்டாக இறங்கியதைத்தான் சுபலட்சுமி பார்த்துக்கொண்டிருந்தாள் போல. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அம்மணி எட்டிப் பார்த்தாள். "அய்யய்ய, இன்னா சம்பந்தி இது, சுபகாரியத்துல கறுப்பு நூல கொண்டாந்து புள்ளத்தாச்சி மடியில வெக்கிறீங்க. இதுக்குத்தான் சொல்றது. நல்லது கெட்டது தெரியாத ஊட்டுல எப்படி பொண்ண உடறது? குடும்மா அத, வெளிய வீசிட்டு வரேன்" என்று கையை நீட்டினாள்.

"கைய வெக்காதீங்க."

கூடம் அதிர்ந்தது. வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆண்கள் எழுந்து பார்த்தார்கள். எல்லோரும் தெய்வநாயகியைப் பார்த்தார்கள், பழக்கதோஷம். அவள் வாய் மூடித்தான் இருந்தது. கத்தியது சுபலட்சுமி.

"எங்கம்மா நாப்பத்தெட்டு நாளு உசுரக் குடுத்து கட்னது இது. வீசறதுக்கு நீங்க யாரு? எங்கப்பா எனக்குப் போட்ட மெசேஜ என் போன்ல இருந்து எடுத்து, தெருவுக்கே படிச்சி காட்டி சிரிச்சீங்களே, அது நல்லதா கெட்டதா? உங்க ஊட்டுல அதுக்கு இன்னா பேரு?"

அதே தொண்டை, அதே ஏற்றம். மூச்சு வாங்குகிற இடம்கூட அதே இடம். தெய்வநாயகி பதறிப்போய் மகளின் வாயைப் பொத்தாத குறையாகக் குனிந்தாள்.

"மெள்ள பேசுடி. பி.பி. ஏறும்டி. தண்ணி குடி, தண்ணிய வாயில வெச்சிக்கோ, முழுங்காத."

அம்மணி நீட்டிய கையை மடக்கிக்கொண்டு உள்ளே போனாள். கூட்டம் இலையைப் பார்க்கக் கலைந்தது. கொஞ்ச நேரம் கழித்து சதீஷ் வந்து, மாமியாரிடமிருந்து இரண்டடி தள்ளி நின்றான்.

"அத்த, வாடகைக் கார் சொல்லிகிறேன். வாசல்ல நிக்குது." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சேர்த்துக்கொண்டான். "பைக் இல்ல."

தெய்வநாயகிக்கு முதல் தடவையாக மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. "நல்லா இருங்க மாப்ள" என்றாள், 'ங்க'வை நன்றாக அழுத்தி.

வெயில் சாய்கிற நேரத்தில் கார் ஆரணிப் பக்கம் திரும்பியது. பள்ளம் வந்த இடமெல்லாம் தெய்வநாயகி டிரைவரின் முதுகை முறைத்தாள், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. மகள் அவள் தோளில் தலை வைத்திருந்தாள். கயிறு திரும்பவும் கைப்பைக்குள் போயிருந்தது. முன்சீட்டில் ஜெகநாதன் தொண்டையைச் செருமினார். போனை எடுத்துக் கையில் வைத்திருந்தார், மணி ஆறு ஆகிவிட்டது.

"இன்னிக்கு இன்னா போடட்டும் தெய்வா? ஒம்பதா, நாப்பத்தொம்பதா?"

"யாருக்குங்க அனுப்பப் போறீங்க? அவதான் இங்க குந்திகினு இருக்காளே."

ஜெகநாதன் யோசித்தார். போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சுபலட்சுமி தலையை எடுக்காமலே அம்மாவின் கைப்பையைத் துழாவினாள். "அந்தக் கறுப்பு நூலு மீதி இருக்குதாம்மா? இன்னிக்கு நான் கத்திட்டேன். ஒண்ணு போட்டுக்கறேன்."

தெய்வநாயகி பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உனக்கு நாளைக்கு வேற கயிறு தரேன். என் கயித்துல கைய வெக்காத."